திறந்து பார்க்காத பேக்கப்

அம்பலவாணன் மீது எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கோபம் இருக்கிறது. ஆனால் அவனைத் திட்ட வாயெடுத்தால் எனக்கே அழுகை வந்துவிடுகிறது. அதனால் விட்டுவிடுகிறேன். ஜுவைரியா ஒருத்தனைத் திட்டாமல் விட்டாள் என்றால் திருமலைராயன்பட்டினத்தில் என் உம்மாவே நம்பாது.

காரைக்காலில், பாரதியார் வீதியில் ஒரு மாடி அறையில்தான் எங்கள் ரத்ததானக் குழு இருக்கிறது. போன் எடுப்பது நான். என்னைக் கட்டின மாப்பிள்ளை ஷார்ஜாவில் இருக்கிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் வந்து சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அம்பலவாணன். நெடுங்காட்டுப் பையன், நெல் விவசாயக் குடும்பம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இதே டேட்டாபேஸ் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறான். எங்களுக்கு மட்டும் இலவசம்.

குழு சின்னதாக இருந்தபோது ஒரு தொல்லையும் இல்லை. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று பரவியதும் பட்டியல் பூதமாக வளர்ந்துவிட்டது. கொடையாளர்கள், அவர்கள் சான்றிதழ்ப் படங்கள், பேசிய ஒவ்வொரு போனின் பதிவு, வருஷா வருஷம் அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம் அதற்குள்தான். ஒரு பேரைத் தட்டிவிட்டு நான் டீ குடித்து முடித்தாலும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். உயிர் போகிற அவசரத்தில் இதென்ன ஆமை என்று நான் தினமும் கத்தினேன். வாடகை சர்வர்காரனும் இடம் தீர்ந்தது என்று மெயில் மேல் மெயில் போட்டான்.

அதனால் மழைக்காலத்துக்கு முன்னால் அம்பலவாணன் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணினான். ஐந்து வருஷமாக ரத்தம் கொடுக்காதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். எடுப்பதற்கு முன் முழுசையும் சுருக்கி, ஒரே கோப்பாக வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தான். அதற்குப் பிறகு தினமும் ஒரு பேக்கப் தானாக ஓடும், ஒரு வாரத்துக்கு மேல் பழசானால் தானாக அழியும். திரை பறந்தது. நான் அவனுக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தேன்.

தை மாதம் ஒரு காலையில் ஆதவன் கூப்பிட்டார். நெடுங்காட்டில் அம்பலவாணன் வீட்டுத் தெருவேதான் அவரும். அவர் மனைவி நித்யஸ்ரீக்கு விடியலில் காரைக்கால் ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தை சுகம், தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ குரூப் என்று எழுதியிருந்தார்கள், ஓ ரத்தம் எது வைத்தாலும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் பரிசோதித்தால் பாம்பே குரூப். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். பார்வைக்கு ஓ மாதிரியே இருக்கும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும். இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும்.

பட்டியலில் தட்டினேன். ஒருவரும் இல்லை என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் ஒருவர் இருந்தார். வந்த புதிதில் ஒரு பேருக்குப் பக்கத்தில் பாம்பே என்று பார்த்துவிட்டு, பம்பாயில் இருக்கிற ஆள் இங்கே எதற்கு என்று நான் கேட்டதும், எல்லோரும் சிரித்ததும் நினைவிருக்கிறது. பேர்தான் நினைவில்லை, பாழாய்ப்போன புத்தி.

அம்பலவாணனைக் கூப்பிட்டேன். முழுசும் பத்திரமாக இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றான். ஹார்ட் டிஸ்கோடு நெடுங்காட்டிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். நான் அதற்குள் சென்னை, பெங்களூரு என்று எல்லாக் குழுக்களையும் பிடித்தேன். வாட்ஸப்பில் ஊர் முழுக்கப் போட்டேன். கோயம்புத்தூரில் ஒருவர் கிடைத்தார், உடனே காரில் கிளம்பிவிட்டார். கோயம்புத்தூர் எங்கே, காரைக்கால் எங்கே!

சுருக்கின கோப்பு விரிய ஆரம்பித்தது. போன் பதிவுகள் வந்தன. சான்றிதழ்ப் படங்கள் வந்தன. லட்சக்கணக்கில் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்தன, பேருக்குப் பதில் வெறும் வரிசை எண்ணோடு. எந்த எண் எந்த ஆள், என்ன குரூப், என்ன போன் என்று சொல்லும் பட்டியல்தான் கடைசி. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக அங்கே போய் நின்றது. கோப்பு பாதியில் முடிகிறது என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

அவன் திரும்பத் திரும்பப் போட்டான். திரும்பத் திரும்ப அதே இடம். பேக்கப் எடுத்த அன்றைக்கு ஹார்ட் டிஸ்கில் இடம் தீர்ந்து, எழுதுவது பாதியில் நின்றிருக்கிறது. அந்தப் பாழும் புரோகிராம் அதைக் கவனிக்காமல் 'முடிந்தது' என்று பதிந்து வைத்திருக்கிறது. இவன் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிட்டான்.

"திறந்து பார்த்தியா தம்பி, அப்போ?" என்றேன்.

"எடுத்தேன்க்கா. திறந்து பாக்கல."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் மறுபடி போனை எடுத்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் கும்பகோணம் தாண்டுவதற்குள் நித்யஸ்ரீ போய்விட்டாள். ஆதவன்தான் போனில் சொன்னார். இனிமேல் யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார், ரொம்ப நன்றி என்றும் சொன்னார். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அடக்கத்துக்கு அம்பலவாணன் போனான். அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, வாய்க்கால் கரையைச் சுற்றி வருகிறான் என்று கேள்விப்பட்டேன். இங்கே மட்டும் ஒருநாள் தவறாமல் வந்தான். வந்து தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பான்.

நோன்பு தொடங்குவதற்கு முன் ஒரு பகலில் ஒருவர் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை என்றார், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கையில் பழைய பட்டன் போன்.

"தங்கச்சி, வருசா வருசம் பொறந்தநாளைக்கு உங்ககிட்டேருந்து மெசேஜ் வரும். இந்த வருசம் வரல. என் நம்பர் அழிஞ்சி போச்சான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பேர் கேட்டேன். காஜா நஜ்முதீன் என்றார். குரூப் என்ன நானா என்று கேட்டேன், அண்ணனுக்கு எங்கள் பக்கம் நானா.

"பாம்பே குரூப்புங்க."

அம்பலவாணனின் கை அப்படியே நின்றது.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஏதோ முகாமில் சோதித்துப் பார்த்துவிட்டு, இது அபூர்வமான ரத்தம், இப்போது கொடுத்து வீணாக்க வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். அதனால் இவர் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து போனை அணைத்ததில்லையாம். தொழுகைக்குப் போனால்கூடச் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். மச்சான் துபாய்க்கு விசா அனுப்பியும் போகவில்லையாம். யாராவது கூப்பிடும்போது ஊரில் இல்லாமல் போய்விட்டால்?

கீழவாஞ்சூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பைக்கில் வந்தால் டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

அம்பலவாணன் அவர் விவரத்தை மறுபடி ஏற்றினான். நம்பர் சரியா என்று பார்க்க ஒரு வாழ்த்தும் அனுப்பினான். பட்டன் போன் கீச்சென்றது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். போகிற போக்கில் வாசலில் நின்று கேட்டார்.

"இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படலியா தங்கச்சி?"

அம்பலவாணன் என்னைப் பார்த்தான். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே கொட்டுகிறவள் நான்.

"தேவைப்படல நானா," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! தேவைப்படாம இருக்கிறதுதானே நல்லது."

அவர் இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் அடங்கியது. பிறகு அம்பலவாணன் புதிதாக ஒரு பேக்கப் எடுத்தான். எடுத்து, சுருக்கி, மறுபடி விரித்து, அந்தப் பேரைத் தேடினான். இருந்தது.