மிதிக்கட்டைக் கயிறு

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது. நெசவாளர் சங்கத்துக்கு நான் கட்ட வேண்டிய தறிக் கடன் பாக்கி. வாங்கினபோது இதில் பாதிதான். வட்டி குட்டி போட்டு இப்படி வளர்ந்துவிட்டது.

அரசாங்கம் தள்ளுபடி அறிவித்தது. நிபந்தனை ஒன்றுதான். நெசவாளர் கார்டு யார் பேரில் இருக்கிறதோ, அவரே தறியில் உட்கார்ந்து நெய்கிறவராக இருக்க வேண்டும். ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்களாம்.

கார்டு என் பேரில். நானோ நூல் குடோனில் மூட்டை தூக்குகிறவன். தறியில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. நெய்கிறவள் என் மனைவி. கார்டில் அவள் வெறும் 'உதவியாள்'. மாற்றிக்கொள்ளலாம் என்று சங்கத்திலேயே சொன்னார்கள். நான்தான் மாற்றவில்லை. கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி, "வாங்க நெசவாளரே" என்ற மரியாதை. மூட்டை தூக்கிக்கு யார் நாற்காலி போடுவார்?

"நாலு விரல் அகலம் நெய்து காட்டினா போதும். நெசவு மறந்தா போயிடும்?" என்றேன் அவளிடம்.

"மறந்திருந்தா?"

"வாயை வைக்காதே."

"நான் வாயை வைக்கலை. நீங்க பாவு நூலுல கையை வைக்கப்போறீங்களேன்னுதான் பயம்."

ஆபீசர் வந்தார். சின்ன வயசுப் பெண். அவருக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டுத் தறிக்காரனும் வந்து நின்றான். தெருவில் ஈ பறந்தாலும் ஊருக்குச் சொல்லிவிடுவான் என்பதால் அவனுக்கு 'ஊதுகுழல்' என்று பேர். வாசலை அடைத்துக்கொண்டு இன்னும் சிலர்.

"உக்காருங்கய்யா. கொஞ்சம் நெய்து காட்டுங்க" என்றார் ஆபீசர்.

தறிக்குழிக்குள் காலை விட்டேன். முட்டி இரண்டும் மேலே எழும்பி, துணி சுருளும் மரத்தில் 'டம்'மென்று இடித்தது. அப்போதுதான் உறைத்தது. நெய்கிறவர் கால் அளவுக்குத்தான் மிதிக்கட்டைக் கயிற்றைக் கட்டுவோம். அவள் என் தோளுயரம்கூட இல்லை; கயிற்றைத் தூக்கிக் கட்டியிருந்தாள். சட்டையை வெளுத்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்த எனக்கு, கயிற்றை இறக்கிக் கட்டத் தோன்றவில்லை.

குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் நாடாவைச் சுண்டி விட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டது. பதற்றத்தில் மிதியை மாற்றி அழுத்தினேன். நாடாவைக் கவ்விய பாவு இழைகள் பொலபொலவென்று அறுந்தன.

"மாமா, தறியில உக்காந்திருக்கீங்களா, மாட்டிக்கிட்டீங்களா?" என்றான் ஊதுகுழல். வாசல் சிரித்தது.

ஆபீசர் சிரிக்கவில்லை. "இதுல யாருங்கய்யா நெய்றது?"

"நான்தான்." முட்டி இன்னும் மரத்தில்தான் இருந்தது.

அவர் குனிந்து கயிற்றைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மாதான் நெய்றாங்கன்னா, கார்டையும் கடனையும் அவங்க பேருக்கு மாத்திடலாம். தள்ளுபடி கிடைக்கும். ஆனா நீங்க நெய்யலைன்னு உங்க கையாலேயே எழுதித் தரணும். இல்லாட்டி தகுதி இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேன்."

எழுதத் தெரியாது என்று தப்பிக்கவும் வழியில்லை. தலை நரைத்த பிறகு முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்ததை, தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அறுந்த இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழிக்குள் உட்கார்ந்தபடியே எழுதினேன். 'இந்தத் தறியில் நெய்வது என் மனைவி. நான் நெய்வதில்லை.'

"சத்தமா படிங்க மாமா, நாங்களும் கேக்குறோம்."

"உங்க வீட்டுத் தறி சும்மா கிடக்கு தம்பி. போய் அதைப் பாருங்க" என்றாள் அவள். அவன் சிரித்தபோதுகூட அவ்வளவு கூசவில்லை. அவள் எனக்காகப் பரிந்து பேசினாளே, அதுதான் கூசியது.

எல்லாரும் போனதும் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மேலே அவள் பேர். 'கணவர்' என்ற இடத்தில் என் பேர். வாசித்துக் காட்டினேன்: முழுக் கடனும் தள்ளுபடி, பாக்கி ஏதுமில்லை.

"பேரை மட்டும் இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்ப இனிமே கூட்டத்துக்கு நான் போகணுமோ?" என்றாள் நாடாவை நிறுத்தாமல்.

"ஆமா. நாற்காலி போடுவாங்க."

"நல்லா போட்டாங்க. உக்காந்து உக்காந்துதான் இடுப்பே போச்சு."

நான் கடிதத்தை மடித்து அவள் பெட்டியில் வைத்தேன்.