சிவப்பு அம்புகள்

செக்கரை வரச் சொன்னது நாலு மணிக்கு. மனுஷர் மூன்று ஐம்பத்தொன்பதுக்கே மழலையர் பள்ளியின் கதவைத் தட்டினார். அடேயப்பா, என்ன ஒழுங்கு! பார்த்ததுமே டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டைக் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கிற செக்கர் வேலை அவருக்கு. தைத்து வரும் சட்டையை மேஜையில் போட்டு, கையைத் தூக்கிப் பார்த்து, முன்னும் பின்னும் திருப்பி, எங்கே தையல் கோணலோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பு காட்டுகிற இடத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும். நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? அந்த அம்புச் சுருளைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வருகிற புத்தி இருந்ததா? இல்லை. பெற்ற மகளுக்கும் ஒட்டினார். கோடு தாண்டி வண்ணம் அடித்த படத்துக்கு ஒரு அம்பு. பால் சிந்திய இடத்தில் ஒரு அம்பு. வகிடு கோணலென்றால் நெற்றியிலேயே ஒன்று.

மகள் சிட்டுவுக்கு நாலரை வயது. அப்பா பையிலிருந்து சுட்ட அம்புகளை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். ஒழுகுகிற மூக்கில் ஒன்று, பல் விழுந்தவள் உதட்டில் ஒன்று. ஒரே வாரத்தில் கதை முடிந்தது. அவள் வந்தால் பிள்ளைகள் மணல்தொட்டியைக் காலி செய்தார்கள். தோட்டத்துக்குப் போக ஜோடி ஜோடியாகக் கை கோக்கும்போது அவள் கை மட்டும் சும்மா தொங்கியது. தினமும் டீச்சர்தான் அதைப் பிடித்தாள். நாலரை வயதுப் பிள்ளைக்கு டீச்சரா சிநேகிதி? இந்த மூன்று நாளாக அவள் யாருக்கும் அம்பு ஒட்டவில்லை. ஆனாலும் ஒருவரும் கிட்டே வரவில்லை. இன்றைக்கு அந்தச் சுருளைப் பிடுங்காமல் இந்த ஆளை விடுவதில்லை என்று இருந்தாள் டீச்சர்.

செக்கர் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு திரைச்சீலையின் ஓரத்தை நீவிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு தையல் விட்டுப்போச்சு டீச்சர்."

"இருக்கட்டும் சார். பிள்ளைங்க மூக்குல, உதட்டுல எல்லாம் அம்பு ஒட்டினதுல உங்க பொண்ணோட விளையாட ஒரு பிள்ளை இல்ல. அதப் பேசத்தான் கூப்பிட்டேன்."

"அவ ஒட்டினது சரியான இடந்தானே? மூக்கு ஒழுகுச்சா இல்லையா?" முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "இந்த வயசுல என்ன கண்ணு பாருங்க! எங்ககிட்ட இருபது வருஷம் இருக்கறவனுக்கே வராது."

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அது பிள்ளை சார். சட்டை இல்ல."

"செல்லம் கொடுத்தா குட்டிச்சுவராப் போயிடும். தப்ப தப்புன்னு காட்டணும். நான் ஒரு அடி அடிச்சதில்ல, தெரியுமா?"

அடிக்கவில்லையாம்! மாலை வாங்கிப் போட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஆயா சிட்டுவை இழுத்துக்கொண்டு வந்தாள். வண்ணம் கரைத்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் கை இரண்டும் சொட்டச் சொட்ட நின்றாள் பிள்ளை.

"கழட்ட விடமாட்டேங்கறா டீச்சர். மூணு நாளா இதே ஸ்வெட்டரு."

டீச்சர் மண்டியிட்டு, ஈரக் கையை மெல்லச் சுருட்டி மேலேற்றினாள். மணிக்கட்டில் ஒரு சிவப்பு அம்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு. இன்னொரு கையில் நாலு. ஒன்று மேலே காட்டியது, ஒன்று கீழே, ஒன்று எங்கேயோ பக்கவாட்டில்.

"யாருடா கண்ணு ஒட்டினது?" என்றாள் டீச்சர்.

"நான்தான்."

"எதுக்கும்மா?"

"எங்கிட்ட ஏதோ தப்பு இருக்கு டீச்சர். அதான் யாரும் கை கோக்க மாட்டேங்கறாங்க. எங்கன்னுதான் தெரியல."

செக்கரின் பூரிப்பு எங்கே போயிற்றோ. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், குட்டி நாற்காலி அவரோடு சேர்ந்து எழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

சிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள். முன்பக்கம் காட்டினாள், மெதுவாகத் திரும்பிப் பின்பக்கம் காட்டினாள், மறுபடி திரும்பினாள்.

"எங்க இருக்குப்பா? நீங்க பாத்து ஒட்டுங்க."

"சொல்லுங்க சார்," என்றாள் டீச்சர். "உங்களுக்குத்தான் கண்ணு ஆச்சே."

அவர் அம்புச் சுருள் இருந்த சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். சிட்டு கையைக் கீழே இறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.