கிணற்றில் போன பாட்டு

கேசட் உறைக்குள் கேசட் இல்லை.

டோரதி உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள். மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பள்ளி ஆண்டுவிழாக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கும்மி முடியப் போகிறது. அடுத்தது டோரதியின் இசைக்குழுதான்.

"பாய், உங்ககிட்டதானே குடுத்தேன்?"

மைக் செட்டு மீரான் பாய் ஒயரைச் சுற்றிக்கொண்டே திரும்பினார். "ஆமாம்மா, குடுத்தே. அப்புறம் அந்த கிதார் பொண்ணு வந்து, பாட்டு நடுவுல நிக்குது, ஆரம்பத்துக்குச் சுத்திக் கொண்டாரேன்னு வாங்கிட்டுப் போச்சே. உறையை மட்டும் வச்சுட்டுப் போயிருக்கு போல."

கிதார் பொண்ணு என்றால் ரங்கநாயகி. டோரதி அவளைத் தேடி ஓடினாள்.

அந்த வருஷம் திருச்சியில் டிவி வைத்திருந்த வீடுகளிலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'மொட்டைமாடி மின்னல்கள்' ஓடியது. மூன்று பிள்ளைகள் மொட்டைமாடியில் கூடி ராக் இசைக்குழு தொடங்குகிற சிறுவர் தொடர். கோடை விடுமுறையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில்தான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள். மூன்று பேரையும் திருச்சிப் பள்ளிக்கூடங்களிலிருந்தே எடுத்தார்கள். டிரம்ஸ் அடிக்கிறவள் காட்டூர் டோரதி. கிதார் வாசிக்கிறவள் ஸ்ரீரங்கம் ரங்கநாயகி. பாடுகிறவன் பாலக்கரை கிளமென்ட்.

உண்மையில் யாரும் அடிக்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை, பாடவும் இல்லை. மெட்ராஸில் பதிவுசெய்த பாட்டை டேப்பில் ஓடவிட்டார்கள். அதற்கு ஏற்றபடி பிள்ளைகள் கையையும் வாயையும் அசைத்தார்கள். சத்தம் வரக் கூடாதென்று டிரம்முக்குள் பழைய வேட்டியைத் திணித்திருந்தார்கள். கிதாரை ஒலிப்பெட்டியோடு இணைக்க ஒயரே கிடையாது.

இதை டோரதி வீட்டில் சொல்லவில்லை. முதல் வாரம் தொடர் வந்தபோது அவள் அப்பா செபஸ்தியான் எதிர்வீட்டுக் கூடத்தில் தெருவே பார்க்க எழுந்து நின்று கைதட்டினார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. வாய்விட்டுச் சிரிக்கக் கூட யோசிக்கிற மனுஷன்.

"எப்பம்மா கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்று அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஷூட்டிங்லயே சொல்லிக்குடுத்தாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே ஒர்க்‌ஷாப் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இன்றைக்கு ஆண்டுவிழாவுக்கு ஷிஃப்டு மாற்றிக்கொண்டு கூட வேலைபார்க்கிற நாலைந்து பேரை அழைத்து வந்திருந்தார். எல்லாரும் மூன்றாவது வரிசையில்.

டோரதியின் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அந்த மூவரும் தங்கள் விழாவில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று கேட்டபோது, டைரக்டர் பாட்டு கேசட்டை அனுப்பிவைத்தார். டேப் ஓடும், நாம் அசைப்போம், யாருக்கும் தெரியாது என்று மூவரும் பேசிவைத்திருந்தார்கள்.

ரங்கநாயகி மேடைக்குப் பின்பக்கப் படிக்கட்டில் நின்றிருந்தாள். பாவாடை தாவணியில், தோளில் கிதாருடன். படப்பிடிப்பு முடிந்த அன்று, கழுத்தில் விரிசல் விட்ட அந்த கிதாரை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று அதிலிருந்து ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேசட் எங்கடி?"

ரங்கநாயகி கிதாரின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ரங்கா, வெளையாடாத. கும்மி முடியப் போவுது. குடு."

"எங்கிட்ட இல்ல."

"நீதான் வாங்கிட்டுப் போனேன்னு பாய் சொல்றாரு."

"வாங்கிண்டேன். கிணத்துல போட்டுட்டேன்."

டோரதிக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் வலைபோட்ட பழைய கிணறு. வலையில் ஒரு பக்கம் கிழிந்து கிடக்கும்.

"பைத்தியமாடி உனக்கு?"

"நான் வாசிக்கறேன். நெஜமாவே வாசிக்கறேன். ஆறு மாசமா தெனம் சாதகம் பண்றேன். பாட்டு முழுக்க வரும். பாடவும் நானே பாடறேன்." ரங்கநாயகியின் குரல் தணிந்துதான் இருந்தது. "நீ சும்மா நாலு நாலா தட்டிண்டிரு, போதும்."

"எனக்குத் தட்டத் தெரியாதுடி! உனக்குத் தெரியும்ல? எங்கப்பா உக்காந்துருக்காரு."

கிளமென்ட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தான். தொடரில் கணீரென்று பாடுகிற பையன். கோடைப் படப்பிடிப்புக்கும் இந்த ஜனவரி விழாவுக்கும் இடையில் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஒரு வார்த்தை கீழே போனால் மறு வார்த்தை கிறீச்சிட்டது. "நான் வரல," என்றான். அதுவே இரண்டாய்ப் பிளந்து வந்தது. கழுத்தில் கட்டியிருந்த சிவப்புக் கைக்குட்டையை அவிழ்த்து மீரான் பாயின் பெட்டி மேல் வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

"கிளமென்ட்!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையில் கைதட்டல் எழுந்தது. கும்மிப் பிள்ளைகள் வியர்வையும் பவுடருமாக அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒலிபெருக்கியில் சிஸ்டரின் குரல்: "அடுத்ததாக, நீங்கள் எல்லாரும் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்..." மிச்சம் விசில் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

"சிஸ்டர்கிட்டச் சொல்லி நிறுத்திர்றேன்," என்று டோரதி நகர்ந்தாள்.

ரங்கநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டோரதி, ப்ளீஸ்டி. ஒரே ஒரு தடவை."

"கைய விடு."

"நீ வரலேன்னாலும் நான் போயிடுவேன்."

சொன்னபடியே போய்விட்டாள். திரை விலகும் கயிற்றின் கிறீச்சொலி கேட்டது. டோரதி பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் ரங்கநாயகி ஒண்டியாக நின்றாள். பின்னால் காலியாக இருந்தது டிரம்ஸ் இருக்கை. மேடைக்குக் கீழே, மூன்றாவது வரிசையில், அப்பா எக்கி எக்கி மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு டோரதியால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிப்போய் உட்கார்ந்தாள். ஒர்க்‌ஷாப் ஆட்கள் கைதட்டினார்கள். அப்பா தட்டவில்லை, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

குச்சி எடுக்கும்போது கை பட்டு ஒரு குச்சி டிரம்மில் விழுந்தது. வெடிபோட்ட மாதிரிச் சத்தம். இது மீரான் பாய் ஏதோ ஆர்க்கெஸ்ட்ராவிடமிருந்து வாங்கி வந்த நிஜ டிரம்ஸ். உள்ளே வேட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ரங்கநாயகி ஒயரை ஒலிப்பெட்டியில் செருகினாள். முதல் மீட்டல் கரகரத்தது. இரண்டாவது தெளிந்தது. பிறகு பாட்டின் தொடக்கம், டிவியில் கேட்ட அதே தொடக்கம், கொஞ்சம் நிதானமாக, ஆனால் பிசகாமல் வந்தது. அரங்கமே "ஹோ" என்றது.

அவள் பாட ஆரம்பித்தாள். டோரதி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ தடவை அசைத்துப் பழகிய கைதான். ஆனால் அசைப்பது வேறு, சத்தம் வருவது வேறு. ஒவ்வொரு அடியும் ஒரு நொடி பிந்தி விழுந்தது. பிந்தியதைப் பிடிக்க வேகமாக அடித்தாள். இப்போது பாட்டை முந்திக்கொண்டு போனாள். ரங்கநாயகி அடியைக் கேட்டுத் தானும் வேகம் கூட்டினாள், விரல் தடுமாறியது, ஒரு சொல் விட்டுப்போயிற்று. முன்வரிசையில் சில பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ரங்கநாயகி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கோபமும் இருந்தது.

கோபமா? இவளுக்கா? டோரதியின் காது மடல் சூடாயிற்று. எல்லாவற்றையும் கிணற்றில் போட்டவள் இவள். குச்சியை ஓங்கிப் பிடித்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தாறுமாறாக அடித்தால் போதும். பாட்டு அங்கேயே செத்துவிடும். ஆறு மாதச் சாதகமும் அதோடு போகும். யார் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து சொதப்பினார்கள் என்றுதான் பேசுவார்கள். அப்பாகூட அப்படித்தான் நினைப்பார். மைக் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

குச்சி அந்தரத்தில் நின்றது. ரங்கநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளைக் குறுக்கி, அடி விழப்போகிறவள் போல, அடுத்த வரியைப் பாடினாள்.

டோரதி கையை இறக்கினாள். இரண்டு குச்சிகளையும் சத்தம் வராமல் டிரம்மின் மேல் வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அசைப்பதுபோல் பாவனைகூடச் செய்யவில்லை.

"டிரம்ஸ் என்னாச்சு?" என்று யாரோ கத்தினார்கள். ஒரு விசில். பிறகு இன்னொன்று. முன்வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பாதி எழுந்து, விருந்தினரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். டோரதி மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நீளமாக இருந்ததே இல்லை.

தடுக்கிவிட ஆளில்லாமல் ரங்கநாயகி தன் வேகத்துக்குத் திரும்பினாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கூச்சல் அடங்கிவிட்டது. அங்கே டேப்பில் இல்லாத ஒன்றை அவள் வாசித்தாள். ஏறிப்போய், ஒரு இடத்தில் நின்று, வந்த வழியே இறங்காமல் வேறு வழியாக இறங்கிவந்தது. முடிந்தபோது கைதட்டல் வந்தது. டிவி நட்சத்திரங்களுக்குக் கிடைக்கும் ஆரவாரம் அல்ல. யோசித்துத் தட்டிய கைதட்டல்.

திரை மூடியதும் டோரதி யாரிடமும் பேசாமல் இறங்கி வெளியே போனாள்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். கூட வேலைபார்க்கும் சின்னையா மாமா முந்திக்கொண்டார். "கரண்ட் கொறைஞ்சிருச்சு போலருக்கே பாப்பா? டிரம்ஸ் மைக்கு கேக்கவேல்ல. எல்லாம் இந்த மைக் செட்டுக்காரன் பண்ற வேல."

நல்ல மனதோடு நீட்டிய சாக்கு. ஆமாம் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீரான் பாய் தூரத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா," என்றாள் டோரதி. "எனக்கு அடிக்கத் தெரியாது."

சின்னையா மாமா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். அப்பா திரும்பி நடந்தார். காட்டூர் பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். வீட்டில் அம்மா பாக்கியமேரி, "எப்படி அடிச்சா நம்ம புள்ள?" என்று வாசலுக்கே வந்து கேட்டாள். "அவளையே கேளு," என்று சட்டையைக் கழற்றி மாட்டினார்.

மறுநாள் காலை, டிபன் பாக்ஸை சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டே கேட்டார். "அப்ப டிவில வந்தது?"

"டேப்புப்பா. மெட்ராஸ்ல யாரோ அடிச்சது."

"யாரு?"

"தெரியாதுப்பா."

"பேரு போடலயா?"

"போடல."

அப்பா சைக்கிளை நகர்த்தாமல் நின்றார். "எவனோ ஒருத்தன் கை வலிக்க அடிச்சிருக்கான். அவனுக்குச் சேர வேண்டியதையெல்லாம் நான் ஒர்க்‌ஷாப்புல ஒக்காந்து வாங்கிக்கிட்டு இருந்திருக்கேன்." குரல் உயரவில்லை. அதுதான் டோரதிக்குத் தாங்கவில்லை. அழ ஆரம்பித்தாள். "அழுவாத," என்றார். "நேத்து சின்னையாகிட்ட சொன்னே பாரு, அத எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்." தெருமுனை திரும்பும்வரை அவர் பெல் அடிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு வாரம் கழித்துத்தான் டோரதி ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, என்னென்ன சொல்லவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டாள்.

சித்திரை வீதி வீட்டில் ரங்கநாயகிதான் கதவைத் திறந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. "உள்ள வா. அப்பா கோயிலுக்குப் போயிருக்கா."

"இங்கயே நிக்கிறேன்."

ரங்கநாயகியும் வாசலுக்கு வந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" டோரதி சேர்த்துவைத்ததில் இது ஒன்றுதான் வெளியே வந்தது.

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பே."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல." ரங்கநாயகி தூணைச் சுரண்டினாள். "விழாவுக்கு முன்னாடியே அப்பா சொல்லிட்டா. இதோட சரி, இனிமே மேடை கீடைன்னு பேசப்படாதுன்னு. எனக்கு அந்த ஒரு நாள்தான். அன்னிக்கும் பொம்மை மாதிரி கைய ஆட்டிட்டு வரணுமான்னு இருந்தது. உன்னப் பத்தி யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் போட்டேன். தப்புதான்."

யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லியிருந்தால் டோரதிக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"கிதார்?"

"பரண்ல இருக்கு. அப்பா தூக்கிப் போடச் சொல்லல. அதுவரைக்கும் சரி." பிறகு தயங்கிக் கேட்டாள். "நீ அன்னிக்குக் குச்சிய ஓங்கினியே. நான் பாத்தேன். ஏன் அடிக்கல?"

டோரதி தெருவைப் பார்த்தாள். பூக்கூடைக்காரி ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டே போனாள். "தெரியல," என்றாள். கொஞ்சம் கழித்து, "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒண்ணு வாசிச்சியே. டேப்புல அது கெடையாது."

"நானே போட்டது."

"நல்லா இருந்துச்சு."

ரங்கநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. "காப்பி சாப்பிட்டுப் போயேன். கோவம் போயிடுத்தா?"

"இல்ல," என்றாள் டோரதி. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றாள்.