இருபத்துமூன்றாவது சான்றிதழ்

ஆண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக அலமாரிக்குள் போன பிறகு, பள்ளிக்கு ஆறு நாள் மிச்சமிருந்தது. அந்த ஆறு நாளும் பாடம் நடத்தக் கூடாது. விடுமுறையும் விடக் கூடாது. "செயல்பாடு" நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. செயல்பாடு என்றால் என்ன என்பது அதில் இல்லை.

மூன்றாம் வகுப்பு டீச்சர் முதல் நாள் சுவரிலிருந்த படங்களைக் கழற்றவைத்தாள். இரண்டாம் நாள் பெஞ்சுகளின் மைக்கறையைத் தேய்க்கவைத்தாள். மூன்றாம் நாள் கழற்றிய படங்களைத் தூசி தட்டி அதே ஆணிகளில் மறுபடி மாட்டவைத்தாள். ஆறாம் நாள் பெற்றோர் வருவார்கள். வெறும் சுவரைக் காட்ட முடியாது. மூன்றையும் புகைப்படம் எடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பினாள். மூன்றுக்கும் "அருமை" என்று பதில் வந்தது.

ஆறாம் நாள் பரிசளிப்பு. அதற்கு இரண்டு விதிகள்.

"ஒரு பிள்ளையும் வெறுங்கையோட வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. அது முதல் விதி. "ஒரே பாராட்டு ரெண்டு பேருக்கு வரக் கூடாது." இது போன வருடம் வந்த வினை. இரண்டு பிள்ளைகளுக்கு "சிறந்த புன்னகை" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். எது சிறந்தது என்று இரண்டு அம்மாக்கள் வாசல் கேட்டில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். அப்போது இருவருமே புன்னகைக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டப்பட்டது. எந்தப் பாராட்டை எடுக்கிறோமோ அதை வகுப்புக்கு நேரே எழுதிவிட வேண்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சரும் இரண்டாம் வகுப்பு டீச்சரும் காலையிலேயே வந்து, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி, அன்பு, நட்பு, பணிவு, தூய்மை, புன்னகை எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் மத்தியானம் போய்ப் பார்த்தபோது மனித குலத்தின் சுலபமான நற்குணங்கள் தீர்ந்திருந்தன.

அவள் பதறவில்லை. "என் கிளாஸ்ல முப்பத்தாறு பேரும் எனக்கு அத்துப்படி" என்று கூட்டத்தில் சொல்லியிருந்தாள். வருடா வருடம் சொல்வாள்.

இரண்டே நாளில் முப்பத்தைந்து எழுதிவிட்டாள். வகுப்பில் தூங்குகிறவனுக்கு "அமைதி காப்பவர்". சாக்பீஸ் தின்கிறவளுக்குப் "புதியதை முயல்பவர்". மணிக்கொரு தரம் கழிவறைக்கு ஓடுகிறவனுக்குச் "சுறுசுறுப்பு". வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கிய பெண்ணுக்குச் "சிறந்த செய்தியாளர்". வகுப்பு லீடர், பெற்றோர் சங்கத் தலைவரின் பையன். அவனுக்குத் "தலைமைப் பண்பு". அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, தங்க நிற ஓரம் போட்ட ஒரே ஒரு தாள் மேசைமேல் மிஞ்சியிருந்தது. வரிசை எண் இருபத்துமூன்று.

டீச்சர் கண்ணை மூடி அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். ஒற்றைப் பின்னலா, இரட்டைப் பின்னலா என்பதிலேயே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். மூன்றாம் வரிசை, சுவரோரம். ஒற்றைப் பின்னல்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். வந்திருக்கிறாள். நோட்டைப் புரட்டினாள். எழுதியிருக்கிறாள். மதிப்பெண் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பழைய முன்னேற்ற அறிக்கைகளை எடுத்தாள். ஒன்றாம் வகுப்பில், "நல்ல பெண்." இரண்டாம் வகுப்பில், "நல்ல பெண்." இந்த வருட அரையாண்டில், தன் கையெழுத்திலேயே, "நல்ல பெண்."

பெற்றோர் சந்திப்பு ஞாபகம் வந்தது. அம்மாக்காரி வந்து, "தொந்தரவு ஏதாவது பண்றாளா டீச்சர்?" என்று கேட்டாள். "சேச்சே, நல்ல பொண்ணும்மா." அரை நிமிடத்தில் முடிந்தது. இருவருக்கும் திருப்தி.

ஏதாவது எழுதிவிடலாம்தான். முப்பத்தைந்து பேருக்கு எழுதியது மட்டும் சத்தியமா என்ன. ஆனால் அவை ஆளைத் தெரிந்து சொன்ன பொய்கள். சாக்பீஸ் தின்கிறவளை அவளுக்குத் தெரியும். இது ஆளே தெரியாமல் சொல்லும் பொய். நாளைக் காலை பத்து மணிக்குள், இந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு உண்மை வேண்டும்.

ஐந்தாம் நாள் செயல்பாட்டை அங்கேயே கண்டுபிடித்தாள். "நண்பருக்கு ஒரு வரி. பக்கத்துல இருக்கறவங்களைப் பத்தி ஒரு வரி எழுதணும். எல்லாரும்."

எழுதினார்கள். டீச்சர் நேரே மூன்றாம் வரிசைக்குப் போய், இருபத்துமூன்றின் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் தாளை எடுத்தாள். "இவள் நல்ல பெண்."

தாள் கையில் இருக்கும்போதே முன் பெஞ்சிலிருந்து ரேடியோ திரும்பினாள்.

"டீச்சர், அவளுக்கு என்ன குடுக்கப் போறீங்க?"

"உனக்கெதுக்கு அது?"

"பெருசா குடுங்க டீச்சர். நாங்க எல்லாரும் அவகிட்டதானே கேப்போம்."

"என்ன கேப்பீங்க?"

"நீங்க அடுத்து யாரைக் கேள்வி கேப்பீங்கன்னு."

சொன்ன பிறகுதான் ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பு, இன்ஸ்பெக்டர் நுழைந்த மாதிரி அடங்கிப்போனது.

"முழுசா சொல்லுடி."

"அவ பென்சிலை நிக்க வெச்சா இந்த வரிசை டீச்சர். படுக்க வெச்சா அந்த வரிசை. ரப்பரைக் கீழ போட்டா, அவளையே கேக்கப் போறீங்கன்னு அர்த்தம். எடுக்கக் குனிஞ்சிடுவா. நீங்க அடுத்த ஆளுக்குப் போயிடுவீங்க."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் மாசத்துலருந்து."

"அப்போ வருஷம் முழுக்க நான் அவளை ஒரு கேள்விகூடவா கேக்கல?"

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. டீச்சருக்கு அது புதுக் குரல்.

"ஒண்ணு கேட்டீங்க டீச்சர். ஜன்னலைச் சாத்துறியான்னு."

மத்தியான இடைவேளையில் டீச்சர் அவளை மேசைக்குக் கூப்பிட்டாள். திட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்ணாடி டீச்சர்."

"என்ன கண்ணாடி?"

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி கழட்டித் துடைப்பீங்க. துடைச்சிட்டு முதல்ல எந்தப் பக்கம் பாக்கறீங்களோ, அந்தப் பக்கம் கேக்க மாட்டீங்க. எதிர்ப்பக்கம்தான்."

"அப்புறம்?"

"முதல்ல பதில் தெரியாதவங்க ரெண்டு பேரைக் கேப்பீங்க. அப்புறம் லீடரைக் கேப்பீங்க. அவன் சொன்னதும் பாடம் முடிஞ்சிடும்."

"தினமுமா?"

"திங்கக்கிழமை மட்டும் நேரா லீடர்தான். அன்னைக்கு உங்களுக்குத் தலைவலி."

டீச்சர், "உனக்குப் பதில் தெரியாதா? அதுக்குத்தான் ஒளிஞ்சியா?" என்றாள்.

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன?"

"தெரியும்னு சொன்னா, 'சரி, உக்காரு'ன்னுதானே சொல்வீங்க. அதுக்கு எதுக்கு எழுந்திரிக்கணும்?"

டீச்சரின் கை கண்ணாடிக்குப் போயிருந்தது. அவள் அதைக் கீழே இறக்கினாள். அந்தப் பெண் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தாள்.

"போ. சாப்பிடு."

தாளில் எழுத வேண்டிய வார்த்தை கிடைத்துவிட்டது. "கூர்ந்து கவனிப்பவர்." டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுவர்த்தாளில் அந்த வார்த்தை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நான்காம் வகுப்பு.

நான்காம் வகுப்பு, கணக்கு சாருடையது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேனாவின் தலையை அமுக்கிக்கொண்டிருந்தார். டிக், டிக். யோசிக்கும்போதும் அமுக்குவார், யோசிக்காதபோதும் அமுக்குவார்.

"சார், அந்தக் 'கவனிப்பு' எனக்கு வேணும்."

"அது எங்க வகுப்பு டீச்சர்."

"யாருக்கு வெச்சிருக்கீங்க?"

"ஒருத்தன் இருக்கான். எப்பப் பாத்தாலும் ஜன்னலுக்கு வெளியவே பாத்துட்டிருப்பான்."

"என் பொண்ணுக்கு அது உண்மையாவே இருக்கு சார்."

டிக் சத்தம் நின்றது. அந்த வாரம் அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"உண்மையாவா?"

"உண்மையாவே."

"அப்போ விலை அதிகம்" என்றார் சார். "உங்க 'தலைமைப் பண்பைக்' குடுங்க."

"விளையாடறீங்களா? அது சங்கத் தலைவர் பையனுக்கு வெச்சிருக்கேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். அவரோட அண்ணன் பையன் என் வகுப்புல இருக்கான். அண்ணன் வாரம் ஒரு தடவை வந்து, 'என் பையன் என்ன சொத்தையா?'ன்னு கேக்கறார்."

"மேடம் என்னைச் சும்மா விட மாட்டாங்க சார்."

"உங்களைத்தானே" என்றார் சார். டிக்.

டீச்சர் சுவர்த்தாளில் ஒன்றை அடித்து ஒன்றை எழுதினாள். சார் தன் பங்குக்கு ஒன்றை அடித்து ஒன்றை எழுதினார். இப்போது லீடருக்கு ஒன்றும் இல்லை. டீச்சர் அவனைப் பற்றி முதல்முறையாக யோசித்தாள். அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் சொன்னதும் பாடம் முடிஞ்சிடும். "முடித்துவைப்பவர்" என்று எழுதினாள்.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"தலைவர் பையனுக்கு 'முடித்துவைப்பவர்'னு போட்டிருக்கீங்களே, என்ன அர்த்தம்?"

"எடுத்த காரியத்தை முடிப்பான் மேடம்."

"தலைமைப் பண்பு எங்க போச்சு?"

"குடும்பத்துக்குள்ளதான் மேடம் இருக்கு."

தலைமையாசிரியை தாளை ஒருமுறை பார்த்தார், டீச்சரை ஒருமுறை பார்த்தார். "நாளைக்கு ஏதாவது பிரச்சனைன்னா நான் உங்களைத்தான் கைகாட்டுவேன்."

"சரிங்க மேடம்."

ஆறாம் நாள். கூடத்தில் பெற்றோர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் மேடையின் ஒரு பக்கம் ஏறி, சான்றிதழ் வாங்கி, மறுபக்கம் இறங்கினார்கள். நூற்றெண்பது பேர். தலைமையாசிரியை இடையிடையே ஒரு பிள்ளையைப் பிடித்து மைக்கை நீட்டினார். "இந்த வருஷம் என்ன கத்துக்கிட்டே கண்ணு?" பிள்ளை, "ஒழுக்கம்" என்றது. கூடம் கைதட்டியது. ஐந்து நாள் ஒத்திகை பார்த்த பதில் அது. எல்லா வகுப்புக்கும் அதே பதில். பாராட்டுக்குத்தான் விதி இருந்தது, பதிலுக்கு இல்லை.

டீச்சர் பட்டியலோடு மேடைக்குக் கீழே, படியருகே நின்றாள். அங்கிருந்து வரிசை நன்றாகத் தெரிந்தது. இருபத்துமூன்று வரிசையில் நகர்ந்துவந்தபடி தலைமையாசிரியையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரும் அந்தக் கையைப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர் கடந்த பிறகு அவளுக்கும் பிடிபட்டது. யாரைக் கேட்கப்போகிறாரோ அந்தப் பிள்ளை வரும்போது, தலைமையாசிரியை மைக்கின் மண்டையை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார்.

பெயர் வாசிக்கப்பட்டது. "கூர்ந்து கவனிப்பவர்!" பெண் மேடையேறினாள், சான்றிதழை வாங்கினாள். நகம் மைக்குக்குப் போனது. ஒரு தட்டு. இரண்டாம் தட்டு விழுவதற்குள் சான்றிதழ் கை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள். மைக் அவள் தலைக்கு மேலாக நகர்ந்து இருபத்துநான்கிடம் போனது.

கச்சிதமான வேலை. டீச்சர் ஒரு கணம் அதை ரசித்தாள். விட்டுவிடலாம். மூன்று வருடம் மூன்று பேர் விட்டார்கள். அந்தப் பெண் பாட்டுக்கு மறுபக்கம் இறங்கிப் போய்விடுவாள், ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை நல்ல பெண்ணாக இருப்பாள். கொடுத்த சான்றிதழ் உண்மை. எழுதியவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

"மேடம்" என்றாள் டீச்சர். குரல் நினைத்ததைவிட உரக்க வந்தது. "அந்தப் பொண்ணை இன்னும் கேக்கல."

பெண் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். நல்ல பெண் பார்க்கிற பார்வை இல்லை அது.

தலைமையாசிரியை மைக்கைத் திருப்பினார். "இந்த வருஷம் என்ன கத்துக்கிட்டே கண்ணு?"

கூடம் காத்திருந்தது. வரிசையின் பின்னாலிருந்து ரேடியோ, "ஒழுக்கம், ஒழுக்கம்" என்று ஊதினாள். அது முதல் வரிசைவரை கேட்டது.

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி பெரியவங்க என்ன பண்ணுவாங்கன்னு" என்றாள் பெண்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியையும் சிரித்தார். சிரித்துவிட்டு, அன்று காலை யாரிடமும் செய்யாததைச் செய்தார். இரண்டாவது கேள்வி கேட்டார்.

"என்ன பண்ணுவாங்க?"

"நீங்க நகத்தால மைக்கை ரெண்டு தட்டு தட்டுவீங்க. எங்க டீச்சர் கண்ணாடியத் துடைப்பாங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. தலைமையாசிரியை தன் நகத்தைப் பார்த்தார். அது மைக்கின் மேல்தான் இருந்தது. நாலாம் வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று, பேசுவது தன் மகள்தானா என்று எட்டிப் பார்த்தாள். டீச்சர் குனிந்து தன் கையைப் பார்த்தாள். கண்ணாடி கையில் இருந்தது. சேலை முந்தானையின் ஓரமும் இருந்தது.

"வேற?" என்று படியருகே இருந்தே கேட்டாள் டீச்சர். எல்லார் முன்னாலும் அவள் அந்தப் பெண்ணிடம் கேட்ட இரண்டாவது கேள்வி. அப்படிக் கேட்டதில், பதில் தெரியாமல் கேட்டது இதுதான் முதல்.

பெண் கூடத்தை ஒருமுறை பார்த்தாள். முதல் வரிசையில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்வை ஒவ்வொருவராகக் கடந்து, அடுத்த வருடம் தனக்கு வரப்போகிற கணக்கு சாரிடம் வந்து நின்றது.

டிக், டிக் என்ற சத்தம் நின்றது. சார் பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இறங்கினாள்.