பிரித்த தோட்டாக்கள்

தலையணை உறையை மாற்றக் கையை விட்டபோது ஐலியின் விரல்களில் அந்த அட்டைப்பெட்டி தட்டியது. எடுப்பதற்குள், படுத்திருந்த அவள் கணவர் ரெய்னோ மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இரண்டு நாளாகக் காபிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாத கை, இதற்கு மட்டும் எங்கிருந்தோ பலத்தைத் தேடிக்கொண்டு வந்திருந்தது.

"அதத் தொடாத. அது தைஸ்டோவுக்கு."

"தலைக்கு அடியில வச்சிருந்தா கழுத்து வலிக்குமே."

"வலிக்கட்டும். இந்த வீட்டுல வச்ச பொருள் வச்ச எடத்துல இருக்கறதில்ல."

கூரையைப் பார்த்தபடிதான் சொன்னார். ஐலிக்கு முகம் சுட்டது. பழைய உறையையே இழுத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

பெட்டிக்குள் இருபது தோட்டா இருக்கும். மான் வேட்டை சீசன் திறப்பதற்கு முந்தின நாள் ரெய்னோ தன் மச்சினன் தைஸ்டோவுக்கு வருஷா வருஷம் கொடுப்பது இருபதுதான். இருவரிடமும் ஒரே ரகத் துப்பாக்கி. இத்தாலிக்காரன் செய்து, பின்லாந்துக்காரன் பனியில் வைத்துச் சண்டை போட்டு, கடைசியில் யாருக்கும் வேண்டாமென்று கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்து இறங்கிய சரக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஆளுக்குப் பதிமூன்று டாலர் அனுப்பித் தபாலில் வரவழைத்தார்கள். அப்பா பிறந்த பின்லாந்தின் பட்டாள முத்திரை அதில் இருந்ததால் ரெய்னோவுக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. துப்பாக்கி மலிவுதான், தோட்டாதான் கிடைக்காது. எந்தக் கம்பெனியும் அந்த அளவில் செய்வதில்லை. வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, வாயை அகலப்படுத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகி, கீழறையில் அவரே செய்துகொள்வார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒன்றுகூடப் பிசகியதில்லை.

போன வருஷம் வசந்தத்தில் மூளையில் சின்னதாய் ஓர் அடைப்பு. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, நிதானம் திரும்பவில்லை. ஒரு கூட்டில் மருந்தை விளிம்புவரை அமுக்குவார். அடுத்ததை மருந்தே போடாமல் மூடிவிடுவார். பின்னால் வயலில் சுட்டுப் பார்த்தபோது ஒன்று 'டக்' என்று அடங்கிவிட்டது. அடுத்தது வெடித்த வேகத்தில், துப்பாக்கியின் பூட்டைத் திறக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. இன்னும் கொஞ்சம் மருந்து கூடியிருந்தால் கண் போயிருக்கும். "கூடு பழசு," என்றார் ரெய்னோ. கூடு வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஐலி நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். "நிறுத்திட்டு? செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?" என்று கேட்டார். அதனால், மதியம் அவர் முன்னறைக் கட்டிலில் கண்ணயர்ந்ததும் கீழே இறங்குவாள். தோட்டா பிரிப்பதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, விறகுக்கட்டையில் மூன்று அடி அடிப்பாள். குண்டு வேறு, மருந்து வேறு, கூடு வேறு. மறுநாள் அவர் இறங்கிவந்து, "எவ்வளவு வேலை பாக்கி கெடக்கு பாரு," என்று உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் வண்டி இப்படித்தான் ஓடியது.

போன நவம்பருக்கு, பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பிடித்து, ஒஹாயோவில் ஒரு கிழவரிடம் நாலு மடங்கு விலைக்கு ஒரு பெட்டி வாங்கி ரெய்னோவின் பெட்டிக்குள் மாற்றி வைத்தாள். இந்த வருஷம் அந்தக் கிழவரும் இல்லை. கடை கடையாகக் கேட்டாள், சிரித்தார்கள். அதற்குள் ரெய்னோவின் கால் வீங்கி, மூச்சு இரைத்து, படுக்கையில் விழுந்துவிட்டார். இனி நாள் கணக்குதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். தோட்டாக் கவலையாவது விட்டது என்று ஐலி நினைத்திருந்தாள். அவள் சர்ச்சுக்குப் போயிருந்த ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து ஒளித்திருக்கிறார், பாவி மனுஷன்.

மூன்று மணிக்குத் தைஸ்டோ வந்தான். ஐலியின் தம்பி, எழுபது வயது. பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே வாய் ஆரம்பித்துவிடும்.

"என்ன மச்சான், இன்னும் படுக்கையா? நாளைக்குத் தொறப்பு. மானெல்லாம் உன்னைத்தான் விசாரிக்குது."

"உன்னைப் பாத்து அதுங்க என்னைக்குப் பயந்துச்சு?" ரெய்னோ பெட்டியை இழுத்து நீட்டினார். "இந்தா. ஒண்ண இப்பவே சுடு. பின்னாடி வயல்ல. நான் கேக்கணும்."

"நாளைக்குச் சுட்டுக்கலாமே," என்றாள் ஐலி.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன், ஐலி."

மழை வரும் என்பதுபோலச் சொன்னார். தைஸ்டோ பெட்டியை வாங்கிக்கொண்டு, காரிலிருந்து துப்பாக்கியை எடுக்க வெளியே போனான். ஐலி செருப்போடு பனியில் ஓடி அவனைப் பிடித்தாள்.

"டேய், அதச் சுடாத."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

"அப்ப போன வருஷத்துத் தோட்டா?"

"ஒஹாயோ."

"அடிப்பாவி அக்கா! மச்சான் கைராசி, மச்சான் கைராசின்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே." சிரிக்கத் தொடங்கியவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். "இப்ப என்ன பண்ண? என் பையன் துப்பாக்கி பின்சீட்ல கெடக்கு. அத வேணா சுடவா?"

"அவருக்குச் சத்தம் தெரியாதா? நீ போய் அவர் பக்கத்துல உக்காரு. காபி குடி. மெதுவாக் குடி. ஒண்ணே ஒண்ணு நான் சரிபண்ணிக் கொண்டாரேன்."

"உனக்கு அது தெரியுமா?"

"பிரிக்கத் தெரியும்."

"நான் கேட்டது அது இல்லக்கா."

அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கீழறைக்கு இறங்கினாள்.

முதல் தோட்டாவைப் பிரித்துத் தராசில் போட்டாள். சுவரில் ஒட்டிய தாளில் ரெய்னோ எழுதியிருந்த எடைதான், ஒரு துகள் கூடவில்லை, குறையவில்லை. ஐலிக்கு நெஞ்சு துள்ளியது. மனுஷன் சரியாகத்தான் செய்திருக்கிறார், நான்தான் அவரை நம்பவில்லை என்று தோன்றியது. இரண்டாவதைப் பிரித்தாள். காலி. மூன்றாவதில் மருந்து கல்லாக இறுகிக் கிடந்தது, தட்டினாலும் கொட்டவில்லை. நாலாவதைத் தொடக் கை வரவில்லை.

முதல் தோட்டாவின் மருந்தை மூன்று தரம் நிறுத்தாள். கூட்டில் கொட்டினாள். கூட்டின் வாயில் குண்டை நிறுத்தி, அவர் செய்து எத்தனையோ தரம் பார்த்திருந்தபடி, குண்டை உள்ளே அழுத்தும் இரும்பு அச்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். பாதியில் நின்றது. இத்தனை பலம் வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியவில்லை. இரண்டு கையாலும் தொங்கி அழுத்தினாள். கிறீச்சென்று முனகி இறங்கியது. மாதிரிக்கு அவர் வைத்திருந்த பழைய தோட்டாவோடு சேர்த்து நிறுத்தி உயரம் பார்த்தாள். சரியாக இருந்தது.

கீழறைப் படி ஏறும்போது மேல்படியில் தைஸ்டோ நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது.

"அக்கா."

அவள் தோட்டாவை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

முன்னறையில் ரெய்னோவின் முகம் தரைப்பக்கம் சாய்ந்திருந்தது. ஐலி அவர் மார்பில் உள்ளங்கையை வைத்து, நெடுநேரம் எடுக்காமல் நின்றாள்.

"எப்ப?"

"இப்பத்தான். காபிகூட ஆறல."

"ஏதாவது சொன்னாரா?"

தைஸ்டோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கீழ மூணு மூணா அடி விழுந்துச்சில்ல... 'தெனமும் இதுதான், தம்பி'ன்னு கண்ண மூடிக்கிட்டாரு. அப்புறம் அந்தக் கைப்பிடி சத்தம் வந்துச்சு. கண்ணத் தொறந்தாரு. 'இது பிரிக்கிற சத்தம் இல்லையே'ன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

ஐலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக, அவர் தூங்கிவிட்டாரென்று நம்பி, அவர் படுத்திருக்கும் அறையின் தரைப்பலகைக்கு நேர் கீழே நின்றல்லவா அடித்திருக்கிறாள். ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே, ஒரு தரமாவது திட்டியிருக்கலாமே என்று வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. அவர் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நர்ஸுக்கு போன் பண்ணட்டுமாக்கா?"

"பொறு. அதச் சுட்டுட்டு வா."

அடுத்தவர் செய்த தோட்டாவை, மருந்து எவ்வளவு என்று கேட்காமல் துப்பாக்கியில் போடுகிற ஆள் அந்த ஊரில் கிடையாது. தைஸ்டோ கேட்கவில்லை. அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான்.

ஐலி ஜன்னலைத் தூக்கினாள். பனியில் இறுகியிருந்த சட்டம் இரண்டு தரம் முரண்டுபிடித்துத் திறந்தது. குளிர் உள்ளே வந்ததும், பழக்கத்தில் அவர் தோள்வரை போர்வையை இழுத்துவிட்டாள். வயல் நடுவில் தைஸ்டோவின் ஆரஞ்சுச் சட்டை நின்றது. துப்பாக்கியைத் தோளில் பதித்துக் கன்னத்தைச் சாய்த்தான். அவள் ஜன்னல் விளிம்பை இறுகப் பற்றினாள்.

வெடித்தது.

தைஸ்டோ துப்பாக்கியைத் தாழ்த்தி, வீட்டைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினான். சத்தம் காட்டுக்குள் உருண்டு போய் அடங்கும்வரை ஐலி ஜன்னலை மூடவில்லை.