இரண்டு நொடி அபராதம்

"நான் வரலடி, வேற யாரையாவது ஓட்டச் சொல்லு" என்றாள் கேக் கடைக்காரி. தலையில் ஹெல்மெட்டை மாட்டியான பிறகு சொன்னால் யார் கேட்பார்கள்? அதுவும் டயர் கடை நடத்தும் நாத்தனார் கேட்பாளா?

போன வருஷம் ஒரு சைக்கிள்காரரை இடித்ததிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டுமா? அந்த மனிதர் கால் எலும்பு கூடி, இப்போது சைக்கிளிலேயே கடைக்கு வந்து ரொட்டி வாங்கிப் போகிறார். இவளுக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. கணவன் முணுமுணுத்துக்கொண்டே ஓட்ட, மூன்றடுக்கு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு விசேஷ வீடுகளுக்குப் போய்வந்தாள். அவளுக்கு அது பெரிய அவமானம்.

நாத்தனார் இழுத்து வந்தது ஒரு கார் ஓட்டும் போட்டிக்கு. காலியான கார் நிறுத்துமிடம் முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகள். எல்லோரும் முதலில் நடந்தே பாதையைப் பார்த்து வந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார்தான். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்ச் சேர வேண்டும், போட்டி கடிகாரத்தோடு.

"கூம்பை இடிச்சுட்டா?"

"ரெண்டு செகண்ட் கூட்டுவாங்க அண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிமித்தி வைப்பாங்க."

இவ்வளவுதானா என்று அவளுக்குக் கோபமே வந்தது.

நத்தை தோற்றுப்போகும் வேகத்தில் கிளம்பினாள். நான்காவது வளைவில் 'டப்' என்றது. பந்தயத்தில் யாரும் செய்யாததைச் செய்தாள்: எஞ்சினை அணைத்து, இறங்கி ஓடி, காருக்கடியில் குனிந்து பார்த்தாள். கொடியோடு நின்றவர் பதறி வந்து, கூம்பை உருவி, அதற்கென்று தரையில் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்குப் போய் இறங்குவாங்களாம்மா? பாருங்க, கீறல்கூட இல்ல."

அவள் கூம்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு வருஷத்து அழுகை அங்கேயே கொட்டியது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கடிகாரத்தைக் காட்டினார். "ஓடிட்டே இருக்கும்மா, போங்க!"

போனாள். வந்தவர்களிலேயே கடைசி. நாத்தனாருக்குச் சிரித்து வயிறு வலித்தது.

"போதும் அண்ணி, சாவியைக் குடுங்க. வீடு வரைக்கும் நான் ஓட்டுறேன்."

"நீ அந்தப் பக்கம் ஏறு."

நிறுத்துமிடத்தின் வாசலில் கார் நின்றது. சாலையில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டே இருந்தன. அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பஸ் கடந்ததும் சின்ன இடைவெளி தெரிந்தது. முன்சக்கரங்கள் மெல்லச் சாலையில் ஏறின.