உயிருள்ள சாமான் ஒன்று

பாயிஸின் கல்யாணத்துக்கு முதல்நாள் காலை, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சின் எஞ்சின் நின்றுபோனது. மாப்பிள்ளை திருகோணமலையில். பெண் நஜ்முன் நிஸா குடாவுக்கு அக்கரையில், மூதூரில். தெருவால் போனால் ஆறுகள் மறிக்கும்; நிக்காஹ் நேரத்துக்குப் போய்ச்சேர ஏலாது. பாயிஸின் மாமன் மஹ்ரூபின் பெரிய மீன்பிடி வள்ளம் சும்மாதான் நின்றது. ஆனால் மீன்பிடி வள்ளத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது என்று ஜெட்டி அதிகாரியின் கந்தோர் வாசலில் பலகை தொங்கியது.

பாயிஸின் வாப்பா கலீலுர் றஹ்மான் சமாதான நீதவான். கல்யாண அழைப்பிதழில் மகனின் பெயரைவிட ஜே.பி. என்ற இரண்டு எழுத்துகளே பெரிதாக அச்சாகியிருந்தன. சட்டத்தை மீறுவது தன் அந்தஸ்துக்கு ஆகாது என்றார். ஆகவே கனகசுந்தரத்தைக் கூப்பிட்டார்கள்.

கனகசுந்தரம் மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரியில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதைக் கச்சேரி கவனித்துவிட்டது. அவர் இன்னும் கவனிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

"சட்டத்துக்குள்ளயே வழி இருக்கும் தம்பி. தேடத் தெரியவேணும்."

மீன்பிடிக் கந்தோரில், வள்ளம் எங்கட, ஆக்கள் எங்கட இல்லை என்றார்கள். கச்சேரியில், ஆக்கள் எங்கட, கடல் எங்கட இல்லை என்றார்கள். கனகசுந்தரம் இரண்டு இடத்திலும் விதிப் புத்தகங்களை இரவல் வாங்கி, பாயிஸின் தலையில் சுமத்தி, ஜெட்டிக் கந்தோருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அதிகாரி யோகலிங்கம் சோற்றுப் பார்சலை அவிழ்த்திருந்தார். கனகசுந்தரம் அங்கிருந்த விதிப் புத்தகத்தையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். கறி ஆறியது. சோறு காய்ந்தது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி, வெற்றியோடு நிமிர்ந்தார்.

"ஆகவே, மூண்டு திணைக்களத்து விதிகளின்படியும் மீன்பிடி வள்ளத்தில மனிசர் போக ஏலாது."

"அதைத்தானே ஐயா வெளியில பலகையில போட்டிருக்கிறம்," என்றார் யோகலிங்கம்.

பாயிஸ் மெல்லக் கேட்டான். "மனிசர் ஏலாதெண்டா வேற என்ன போகலாம்?"

"சாமான் போகலாம். ஆடு, மாடு போகலாம். உயிருள்ள சாமான் எண்டு ஒரு பிரிவு இருக்கு," என்றார் யோகலிங்கம்.

"அப்ப என்னையும் அதில போடுங்க."

கூடவே வந்திருந்த ஜே.பி. கதிரையை விட்டு எழும்பினார். "என்ர மகன் என்ன மாடா?"

"வாப்பா, நீங்க இருங்க. எனக்குத்தான் கல்யாணம்."

யோகலிங்கத்துக்கு இப்போதுதான் பசி மறந்தது. "சாமானெண்டா அக்கரையில ஒருத்தர் பொறுப்பெடுக்கவேணும். திரும்பி வரவும் கூடாது. வந்தா அது பயணி."

"நான் திரும்பி வரமாட்டன்."

அது உண்மை. இந்தக் கடற்கரை ஊர்களில் கல்யாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டோடுதான் இருப்பான். பெண்ணின் வாப்பா ஸெய்னுதீன் ஓடு போட்ட வீடு கட்டிவைத்துக் காத்திருந்தார். ஊர் வழக்கமும் சட்டமும் ஒரே பக்கத்தில் வந்து நின்றதைக் கண்ட கனகசுந்தரத்துக்குக் கண் கலங்கியது.

"அப்ப நாங்க எப்பிடிப் போற?" என்றார் ஜே.பி.

கனகசுந்தரம் தாளைப் புரட்டினார். "உயிருள்ள சாமானைப் பராமரிக்கப் போதிய ஆட்கள் கூடச் செல்லலாம்."

"போதிய எண்டா எத்தினை பேர்?"

யோகலிங்கம் பாயிஸை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தச் சாமானுக்கு ஒரு வள்ளம் நிறைய வேணும்."

சாமான் படிவத்தில் பராமரிப்பாளர் என்ற இடத்தில் தன் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று போடலாம் என்றதும் கலீலுர் றஹ்மானும் சம்மதித்தார்.

மறுநாள் கொடி கட்டி, பெண்கள் குரவையிட, வள்ளம் குடாவைக் கடந்தது. மேற்பார்வைக்கு யோகலிங்கமும் வந்தார். மூதூரில் புரியாணி என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஸெய்னுதீன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்க வந்தார். யோகலிங்கம் குறுக்கே நின்றார்.

"பெறுநர் கையெழுத்து வைக்காம இறக்க ஏலாது."

பெறுநர் என்ற இடத்தில் கனகசுந்தரம் எழுதியிருந்த பெயர் நஜ்முன் நிஸா. வீடு ஜெட்டிக்கு எதிரேதான். பெண்ணின் அக்கா, அசனா ராத்தா, கடதாசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெறும் கடதாசியோடு திரும்பி வந்தாள்.

"சாமானப் பார்க்காம கையெழுத்து வைக்கமாட்டாவாம்."

ஸெய்னுதீனுக்கு வியர்த்தது. நிக்காஹ்வுக்கு முன் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பது அந்த வீட்டில் நடந்ததில்லை. நிஸாவும் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாளே தவிரக் கண்டதில்லை. எல்லோரும் கனகசுந்தரத்தைப் பார்த்தார்கள்.

"பெறுநருக்குப் பரிசோதிக்க உரிமை உண்டு," என்றார் அவர். "மறுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை."

எதிர்வீட்டு ஜன்னல் ஒரு சாண் திறந்தது. அசனா அங்கே காதைக் கொடுத்துக் கேட்டு, இங்கே வந்து சொன்னாள்.

"எழும்பி நிக்கட்டாம்."

பாயிஸ் எழும்பினான். வள்ளம் ஆடியது.

"தொப்பியைக் கழட்டட்டாம்."

கழற்றினான். பக்கத்தில் ஜே.பி.யும் நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பராமரிப்பாளர் நிக்கத் தேவையில்லையாம், இருக்கலாமாம்," என்றாள் அசனா. "சாமான் ஒருக்காச் சிரிக்கட்டாம்."

பாயிஸுக்கு அதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்குள் வளையல்கள் கலகலத்தன. கொஞ்ச நேரத்தில் கடதாசி வெளியே வந்தது. யோகலிங்கம் அதை உரக்க வாசித்தார்.

"பெற்றுக்கொண்டேன். சாமானின் நிலை: பரவாயில்லை."

குரவை எழுந்தது. இறங்கப் பலகை போடும்வரை பாயிஸ் காத்திருக்கவில்லை. உடுத்திருந்த பட்டுச் சாரனோடு முழங்கால் தண்ணீருக்குள் குதித்துவிட்டான்.